மிக்சரில் 0, கம்ப்யூட்டரில் சிவப்பு: சின்ன எஃப்எம் நிலையத்தில் லெவல் பிடிப்பது எப்படி?

கேள்வி, சுருக்கமாக: "அண்ணா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சமுதாய வானொலியில் தன்னார்வலராக இருக்கிறேன். பாதி நிகழ்ச்சி தமிழ், பாதி மலையாளம். மிக்சரின் மீட்டர் 0-வில் நிற்கும்போதே கம்ப்யூட்டரில் பதிவு சிவப்பைத் தொடுகிறது. பாட்டு வந்தால் கத்துகிறது, பேச்சு வந்தால் அமுங்கிப் போகிறது. டிரான்ஸ்மிட்டரில் பீக் விளக்கு அணைவதே இல்லை. ஒருவர் -18-ல் வை என்கிறார், இன்னொருவர் -20 என்கிறார், யூட்டியூபில் -14 என்கிறார்கள். எதைப் பிடிப்பது?"

தம்பி, அந்த மூன்று எண்களும் சரியானவைதான். ஆனால் மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்லவில்லை. -18, -20 இரண்டும் சோதனை டோன், அதாவது அளவு பார்க்க விடும் ஒரே சீரான ஒலி, மீட்டரில் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கான எண்கள். -14 என்பது ஒரு முழுப் பாட்டு சராசரியாக எவ்வளவு சத்தமாகக் காதில் விழுகிறது என்பதற்கான எண். இணையத்தில் பாட்டு ஒலிபரப்பும் சில நிறுவனங்கள் அதை வைத்திருக்கின்றன. ஒருவர் தென்னையின் உயரத்தைச் சொல்ல, இன்னொருவர் குலையின் எடையைச் சொன்ன மாதிரி இருக்கிறது உங்கள் குழப்பம். உங்கள் நிலையத்துக்கு நான் சொல்வது: டோன் -18, நிகழ்ச்சி -23. இந்த எண்கள் எப்படி வந்தன, இதை வயரிலும் குமிழிலும் எப்படிக் கொண்டுவருவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நீங்கள் கேட்டிருப்பது நாலு கேள்வி போலத் தெரிந்தாலும் நோய் ஒன்றுதான். உங்கள் கருவிகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு "0" வைத்துக்கொண்டிருக்கின்றன.

டெசிபெல் என்பது ஒரு விகிதம். எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை அதன் பின்னால் ஒட்டி வருகிற எழுத்து சொல்லும். வயரில் ஓடும் சிக்னலுக்கு டிபியூ என்று சொல்வோம். அதில் 0 என்றால் 0.775 வோல்ட். இந்த விநோதமான எண் பழைய டெலிபோன் காலத்திலிருந்து வருகிறது: 600 ஓம் லைனில் 1 மில்லிவாட் போனால் அங்கே இருக்கும் வோல்ட்டேஜ் அதுதான். பெரிய ஸ்டுடியோக் கருவிகள் +4 டிபியூவில் வேலை செய்யும், அதாவது 1.23 வோல்ட். வீட்டு டெக், சில மலிவான கம்ப்யூட்டர் கார்டு போன்றவை -10 டிபிவி என்ற அளவில் வேலை செய்யும் (டிபிவியில் 0 என்றால் 1 வோல்ட்). அது 0.316 வோல்ட். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 12 டெசிபெல், வோல்ட்டில் ஏறக்குறைய 4 மடங்கு. இந்த 12 டெசிபெல்தான் சின்ன நிலையங்களில் நடக்கும் பாதிக் குழப்பத்துக்கு மூலம். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டருக்குள் கதை வேறு. அங்கே 0 என்பது உச்சி. அதற்கு மேல் ஒன்றுமே கிடையாது, எண்கள் தீர்ந்துவிடும். அதனால் அங்கே எல்லாம் மைனஸில்தான் ஓடும், அதை டிபிஎஃப்எஸ் என்பார்கள். ஆக, மிக்சரின் 0 நடுவில் இருக்கும் ஒரு கோடு, கம்ப்யூட்டரின் 0 கூரை. இரண்டையும் ஒன்றென்று நினைத்து மிக்சர் 0-வைக் கம்ப்யூட்டர் 0-வுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால், தலை நிமிர்த்தும்போதெல்லாம் கூரை இடிக்கும். உங்களுக்கு நடப்பது இதுதான்.

கோட்டுக்கும் கூரைக்கும் நடுவே விடுகிற இடத்துக்கு ஹெட்ரூம் என்று பெயர். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 0 டிபியூ டோனை -18 டிபிஎஃப்எஸ்ஸில் வை என்றது. அப்படியானால் கூரை +18 டிபியூ. அமெரிக்க சினிமா, டிவி பொறியாளர் சங்கம் -20 என்றது, அங்கே அந்த டோன் +4 டிபியூ, கூரை +24. உங்களுக்கு யோசனை சொன்ன இரண்டு பேரும் வேறு வேறு பள்ளியில் படித்தவர்கள், அவ்வளவுதான். ஆனால் உங்களிடம் இருப்பது யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மிக்சரையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் ஒலிப்பெட்டி) என்றால் +24 டிபியூவை அது கண்ணால் கூடப் பார்க்காது. பல கருவிகள் +18-க்கு முன்னாலேயே மூச்சு முட்டிவிடும். அதனால் வோல்ட்டைப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே கொண்டுவர மெனக்கெட வேண்டாம். -18 என்ற எண்ணை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, அந்த நேரத்தில் வயரில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள்.

வேலைக்குப் போவதற்கு முன் ஒரு அனுபவம். வேலந்தாவளத்தில் மைக்செட் கடையில்தான் நான் தொழில் கற்றேன். அங்கே ஒரு பழக்கம் இருந்தது: சத்தம் குறைவா, கடைசி ஆம்பிளிஃபையரில் குமிழைத் திருப்பு, அதிகமா, அதே குமிழை இறக்கு. நடுவில் இருப்பதை யாரும் தொட மாட்டார்கள். ஹார்ன் ஸ்பீக்கருக்கு அது போதும். பிறகு ஒலிபரப்பு வேலைக்கு வந்தபோதும் அந்தப் பழக்கத்தைக் கையோடு கொண்டுவந்துவிட்டேன். ஒரு கோயில் திருவிழாவை முழு இரவு பதிவு செய்யும் பொறுப்பு கிடைத்தது. மிக்சரின் +4 வெளியீடு, ரெக்கார்டரின் -10 உள்ளீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. மீட்டர் சிவப்பானதும் ரெக்கார்டரின் பதிவுக் குமிழை இறக்கினேன். மீட்டர் பச்சைக்கு வந்துவிட்டது. நிம்மதியாக உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் போட்டுக் கேட்டால் ஒரு செண்டை கூடச் செண்டையாக இல்லை, தகரத்தில் தட்டின மாதிரி இருந்தது. காரணம், அந்த ரெக்கார்டரில் குமிழ் உள்ளீட்டுச் சுற்றுக்குப் பின்னால் இருந்தது. சிக்னல் குமிழை அடைவதற்கு முன்பே வெட்டுப்பட்டுவிட்டது. நான் வெட்டுப்பட்ட சிக்னலைச் சின்னதாக்கிப் பதிவு செய்திருக்கிறேன். கலங்கின தண்ணீரைச் சின்னக் குடத்தில் பிடித்தாலும் கலங்கின தண்ணீர்தான். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் அந்தப் பதிவைக் கேட்க ஆசையோடு வந்து உட்கார்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து வரிசையில் முதல் கருவியிலிருந்து ஆரம்பிக்காமல் நான் எதையும் தொட்டதில்லை.

இதே செண்டையை வைத்து மீட்டரைப் பற்றியும் சொல்லிவிடலாம், நம் பகுதிக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஊசி ஆடுகிற வியூ மீட்டர் 1939-ல் அமெரிக்காவில் பெல் ஆய்வகமும் சிபிஎஸ், என்பிசி வானொலிகளும் சேர்ந்து வகுத்தது. அதன் ஊசி முழு அளவுக்கு ஏற ஏறத்தாழ 300 மில்லிசெகண்ட் எடுக்கும். வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள், காது சத்தத்தை உணர்வதற்கு ஓரளவு நெருக்கமாக இருக்கட்டும் என்று. நாதஸ்வரம் நீட்டி ஒரு சுரத்தைப் பிடித்தால் ஊசி போய் நின்று உண்மையைச் சொல்லும். செண்டையில் கோல் விழும் அடி சில மில்லிசெகண்டில் முடிந்துவிடும். ஊசி கிளம்புவதற்குள் அடி போய்விட்டது. ஊசி -6-ல் சோம்பலாக ஆடிக்கொண்டிருக்கும்போது உண்மையான உச்சி அதற்கு 15 டெசிபெல் மேலே போய் வந்திருக்கும். தவிலும் பறையும் இதே ஜாதி. மனிதப் பேச்சு இரண்டுக்கும் நடுவில்: ஊசி காட்டுவதற்கு மேல் 10 டெசிபெல் வரை உச்சிகள் சாதாரணமாக வரும், சில குரல்களில் அதற்கும் மேல்.

கம்ப்யூட்டரில் இருப்பது பெரும்பாலும் உச்சியைக் காட்டும் மீட்டர். அதனால் ஒரே பேச்சுக்கு மிக்சரில் 0-வும் கம்ப்யூட்டரில் -6-உம் தெரிந்தால் எதுவும் பழுதில்லை, இரண்டு மீட்டரும் வேறு வேறு வேலை செய்கின்றன. இரண்டையும் பேச்சை வைத்தோ பாட்டை வைத்தோ ஒத்துப்பார்க்கவே முடியாது. இதற்காகத்தான் டோன். 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. எந்த மீட்டரும் அதைப் பார்த்துக் குழம்பாது.

சரி, இப்போது வேலை. நிகழ்ச்சி இல்லாத ஒரு மதியத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். டிரான்ஸ்மிட்டரை இதிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள், அதற்குக் கடைசியில் வருவோம். ஸ்டுடியோ ஸ்பீக்கரின் சத்தத்தை நன்றாக இறக்கி வையுங்கள், 1 கிலோஹெர்ட்ஸ் காதையும் துளைக்கும், ட்வீட்டரையும் பதம் பார்க்கும்.

கம்ப்யூட்டரில் ஒலி திருத்தும் எந்த மென்பொருளிலும் டோன் உருவாக்கலாம். 1000 ஹெர்ட்ஸ், சைன், உச்சி -18 டிபிஎஃப்எஸ், இரண்டு சேனலிலும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோப்பாகச் சேமித்து வையுங்கள், இனி அது நிலையத்தின் சொத்து. ஒலிபரப்புக்குப் பாட்டு ஓட்டும் மென்பொருளிலேயே அதைப் போடுங்கள், திருத்தும் மென்பொருளில் வேண்டாம்; நாள் முழுக்க ஓடப் போகும் பாதையைத்தான் அளக்க வேண்டும். போடுவதற்கு முன் விண்டோஸின் வால்யூமை 100-க்கு ஏற்றுங்கள். "என்ஹான்ஸ்மென்ட்" என்று ஒலியை மேம்படுத்தும் வசதி ஏதாவது இருந்தால் அணையுங்கள். மைக் பூஸ்ட், தானாக லெவல் பிடிக்கும் வசதி, எல்லாவற்றையும் அணையுங்கள். நான் போய்ப் பார்த்த எத்தனையோ நிலையங்களில் நோய் மிக்சரில் இல்லை, யாரோ ஒருவர் 73-க்கு இறக்கி வைத்த விண்டோஸ் வால்யூமில் இருந்தது.

இன்டர்ஃபேஸின் வெளியீட்டில் மல்டிமீட்டரை வையுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. கடையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் மீட்டரில் ஏசிக்கு 200 வோல்ட், 750 வோல்ட் என்று இரண்டே ரேஞ்ச் இருக்கும். வீட்டு கரண்ட் பார்க்க அது போதும், 0.775 வோல்ட்டை அதில் படிக்க முடியாது. 2 வோல்ட் ஏசி ரேஞ்சாவது இருக்கும் மீட்டர் வேண்டும். அதிலும் பல மீட்டர்கள் 50 ஹெர்ட்ஸை மனதில் வைத்துச் செய்தவை. 400 ஹெர்ட்ஸுக்கு மேல் அளவு சரியாக இருக்கும் என்று அவற்றின் கையேடே உறுதி தராது. சோதிப்பது சுலபம்: ஒரே லெவலில் 100 ஹெர்ட்ஸ், 400 ஹெர்ட்ஸ், 1000 ஹெர்ட்ஸ் டோன் மூன்றும் போட்டுப் பாருங்கள். மூன்றிலும் ஒரே வோல்ட் காட்டினால் உங்கள் மீட்டர் நம்பகமானது. 1000-ல் தொய்ந்தால் வோல்ட் அளப்பதை மட்டும் 400 ஹெர்ட்ஸில் செய்யுங்கள்.

மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் கனெக்டரில் 2-க்கும் 3-க்கும் நடுவே அளக்க வேண்டும். 1-வது பின் தரை. 2-க்கும் 1-க்கும் நடுவே அளந்தால் பல கருவிகளில் பாதி வோல்ட்தான் வரும், அதாவது 6 டெசிபெல் குறைவு, பிறகு எங்கே போனது அந்த 6 என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம். இதே 6 டெசிபெல், பேலன்ஸ்டு வெளியீட்டை (சிக்னல் இரண்டு பின்னில் வருவது) அன்பேலன்ஸ்டு வயரில் (சிக்னல் ஒரே வயரில் போவது) எடுக்கும்போதும் தொலையலாம். 600 ஓம் உள்ளீடு கொண்ட பழைய லைன் கருவி ஏதாவது நடுவில் இருந்தால் அங்கேயும். இப்போதைய கருவிகள் குறைந்த இம்பிடன்ஸில் வெளியே தந்து, 10 கிலோ ஓம் போல அதிகமான இம்பிடன்ஸில் உள்ளே வாங்குபவை. அதனால் இது அரிது, பழைய இரும்பைப் பரணிலிருந்து இறக்கினால் மட்டும் கவனியுங்கள்.

மீட்டரில் 0.39 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது -6 டிபியூ. அப்படியென்றால் உங்கள் இன்டர்ஃபேஸின் கூரை +12 டிபியூ. அதில் தவறே இல்லை. அதை ஒரு துண்டு காகித டேப்பில் எழுதி இன்டர்ஃபேஸின் மேலேயே ஒட்டுங்கள்: "-18 = 0.39 வோ".

அடுத்து மிக்சர். கம்ப்யூட்டர் வரும் சேனலின் ஃபேடரையும் (மேலும் கீழும் தள்ளும் லெவல் பட்டை) மாஸ்டர் ஃபேடரையும் அவற்றின் 0 கோட்டில் வையுங்கள். பேஸ், ட்ரெபிள் போன்ற ஈக்யூ குமிழ் எல்லாம் நடுவில். இப்போது உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் கெயின் குமிழை மட்டும் அந்தச் சேனலில் திருப்பி மிக்சர் மீட்டரை 0-வுக்குக் கொண்டுவாருங்கள். ஃபேடரைக் கொண்டு சரிசெய்யக் கூடாது, அதன் 0 கோடு கைக்கு நல்ல நுணுக்கமான இடம். அங்கேயிருந்து மேலேயும் கீழேயும் நகர இடம் வேண்டும். மீட்டர் 0 ஆனதும் மிக்சரின் பிரதான வெளியீட்டில் வோல்ட்டை அளந்து பாருங்கள். சில சின்ன மிக்சர்களில் மீட்டரின் 0 என்பது 0.775 வோல்ட், பெரிய கன்சோல்களில் 1.23. கையேட்டில் இருக்கும், ஆனாலும் அளந்து பார்ப்பதே மேல். அதையும் டேப்பில் எழுதுங்கள்.

பிறகு மிக்சரிலிருந்து பதிவுக்குப் போகும் பாதை. அதே டோன், அதே 0. இன்டர்ஃபேஸின் உள்ளீட்டுக் குமிழைத் திருப்பிக் கம்ப்யூட்டரில் -18 வருமாறு நிறுத்துங்கள். உள்ளீட்டில் மைக், லைன் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் லைனில் இருக்க வேண்டும். குமிழை முழுவதும் இறக்கியும் -18-க்கு வரவில்லை, -10-லேயே நிற்கிறது என்றால் அங்கேதான் நான் முதலில் சொன்ன 12 டெசிபெல் கதை ஒளிந்திருக்கிறது: +4 வெளியீடு -10 உள்ளீட்டுக்குள் போகிறது. இதற்கு நடுவில் ஒரு பேட் போட வேண்டும், அதாவது இரண்டு மூன்று ரெசிஸ்டரில் ஆன ஒரு குறைப்பான். அல்லது மிக்சரில் -10 வெளியீடு தனியாக இருந்தால் அதிலிருந்து எடுக்க வேண்டும். மாஸ்டர் ஃபேடரை இறக்கிச் சமாளிக்காதீர்கள். அப்படிச் செய்தால் டிரான்ஸ்மிட்டருக்குப் போவதும் சேர்ந்து இறங்கிவிடும், அதை அங்கே ஏற்றுவீர்கள், அதோடு மிக்சரின் இரைச்சலும் ஏறும்.

இந்த ஒரு சுற்று முடிந்தால், கம்ப்யூட்டரிலிருந்து புறப்பட்ட -18 மிக்சர் வழியாகத் திரும்பி வந்து கம்ப்யூட்டரில் -18 ஆகவே உட்கார வேண்டும். அரை டெசிபெல் முன்பின் இருக்கலாம். இரண்டு சேனலும் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பதையும் பாருங்கள். இடது -18, வலது -20 என்று வந்தால் பெரும்பாலும் வயரில் கோளாறு, இல்லை ஒலியை இடம், வலம் பிரிக்கும் பேன் குமிழ் நடுவில் இல்லை.

மைக்குக்கு டோன் கிடையாது, ஆளைத்தான் உட்கார வைக்க வேண்டும். வாய்க்கும் மைக்குக்கும் நடுவே ஒரு சாண். "ஹலோ மைக் டெஸ்ட்" என்று யாரும் இயல்பாகப் பேச மாட்டார்கள். ஒரு நிமிடம் காலையில் வந்த காய்கறி விலையைப் படிக்கச் சொல்லுங்கள். ஊசி 0-வை ஒட்டி ஆட, கம்ப்யூட்டரில் உச்சிகள் -9 பக்கம் வந்துபோகும்படி கெயினை வையுங்கள். எப்போதாவது ஒரு சிரிப்பு -5-க்குப் போனால் போகட்டும், அதற்குத்தான் இடம் விட்டிருக்கிறோம். ஆளுக்கு ஆள் கெயின் மாறும் என்பதால் அறிவிப்பாளர்களின் பெயரும் அவரவர் கெயின் நிலையும் ஒரு அட்டையில் எழுதி மிக்சருக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். தமிழ் நிகழ்ச்சி முடிந்து மலையாள நிகழ்ச்சி தொடங்கும்போது சத்தம் குதிப்பதாக வந்த புகார் ஒன்றை ஒருமுறை பார்த்தேன். மொழியில் ஒன்றுமில்லை, ஒருவர் மைக்கைக் கடிக்கிற மாதிரிப் பேசுபவர், அடுத்தவர் நாற்காலியில் சாய்ந்து பேசுபவர். அட்டை வைத்த வாரமே சரியாகிவிட்டது.

நம் பக்கம் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆனி, ஆடியில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பதிவு செய்தாலோ, வயலுக்குப் போய் விவசாயியிடம் பேட்டி எடுத்தாலோ, காற்று மைக்கில் மோதி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிய அலையை உண்டாக்கும். காதுக்கு அது அவ்வளவாகத் தெரியாது, மீட்டர் மட்டும் ஏறும். நீங்கள் கெயினை இறக்குவீர்கள், குரல் அமுங்கிவிடும். மிக்சரில் கீழ் அதிர்வெண்ணை வெட்டும் பட்டன் 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் என்று இருக்கும், பேச்சு மைக் எல்லாவற்றிலும் அதை அழுத்தியே வையுங்கள். வெளியில் போகும்போது பஞ்சு உறை கட்டாயம்.

இப்போது பாட்டு கத்துவது, பேச்சு அமுங்குவது. டோன் சரியான பிறகும் இது போகாது, ஏனென்றால் இது பாதையின் குற்றமே இல்லை. இன்றைய சினிமாப் பாட்டுகள் கூரையை ஒட்டி இறுக்கி அமுக்கப்பட்டு வருகின்றன. உச்சி 0-வில் இருக்க, சராசரியும் அதற்குச் சில டெசிபெல் கீழேயே இருக்கும். உங்கள் பேச்சுப் பதிவின் உச்சி -9, சராசரி -23 பக்கம். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் கத்தாமல் என்ன செய்யும்? இதை உச்சி மீட்டரால் தீர்க்க முடியாது. சத்தத்தைக் காது உணரும் விதத்தில் அளக்கும் ஒரு முறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-ல் வகுத்தது; அதை வைத்து ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-ல் ஆர்128 என்ற பரிந்துரையில் நிகழ்ச்சிக்கு -23 என்று நிர்ணயித்தது. இந்த அலகுக்கு லஃப்ஸ் என்று பெயர். முழு நிகழ்ச்சியையும் அளந்து, நடுவில் வரும் மௌனத்தையும் மிக மெல்லிய இடங்களையும் கணக்கில் எடுக்காமல் விட்டு ஒரே எண்ணைத் தரும்.

இலவச மென்பொருள்களே இதை அளந்து, கோப்பை -23-க்கு மாற்றியும் தரும். முதலில் அளக்கும் மென்பொருளைச் சோதித்துக்கொள்ளுங்கள்: 1 கிலோஹெர்ட்ஸ் டோனை இரண்டு சேனலிலும் -23 டிபிஎஃப்எஸ்ஸில் போட்டால் அது -23.0 லஃப்ஸ் என்று காட்ட வேண்டும். ஒரு சேனலில் மட்டும் போட்டால் 3 குறைவாகக் காட்டும், அதுவும் சரியே. பிறகு நிலையத்தில் இருக்கும் பாட்டு, விளம்பரம், முகப்பிசை எல்லாவற்றையும் ஒரே இரவில் ஓடவிட்டு -23-க்குக் கொண்டுவந்துவிடலாம். பழைய பாட்டும் புதுப் பாட்டும் பேச்சும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி வந்துவிடும். பேச்சுக்கு மட்டும் ஒன்றிரண்டு டெசிபெல் கூட வைத்தால் நன்றாக இருக்கிறது என்பது என் அனுபவம். மோட்டார் ஓடுகிற தோட்டத்தில் கேட்பவர்களுக்கு அது உதவும்.

தொலைபேசியில் வரும் நேயர் குரலைப் பற்றி ஒரே விஷயம். அவருக்குத் திருப்பி அனுப்பும் ஒலியில் அவருடைய குரல் இருக்கக் கூடாது. மற்ற எல்லாம் இருக்கலாம். மிக்சரில் ஆக்ஸ் என்ற தனி வெளியீட்டின் வழியாக அவர் சேனலை மட்டும் பூஜ்யத்தில் வைத்து அனுப்புங்கள். வீலென்று கத்துவதும் எதிரொலியும் நின்றுவிடும். சாதாரண டெலிபோன் ஒலி 300-லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான், அதனால் மீட்டரில் அறிவிப்பாளருக்குச் சமமாக இருந்தாலும் காதுக்கு மெலிந்தே கேட்கும். காதை நம்பி ஏற்றுங்கள். ஸ்டுடியோவுக்கும் கன்ட்ரோல் அறைக்கும் நடுவே பேசும் டாக்பேக், ஒலிபரப்புப் பாதையில் கசியாமல் இருக்கிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக டிரான்ஸ்மிட்டர். அணையாத பீக் விளக்கு. இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். எஃப்எம்மில் ஒலியின் லெவல், அலைவரிசை எவ்வளவு தூரம் இடமும் வலமும் ஆடுகிறது என்பதாக மாறுகிறது. எல்லை ±75 கிலோஹெர்ட்ஸ், அதுதான் 100 சதவீத மாடுலேஷன். அதற்கு மேல் தள்ளினால் ரேடியோவில் கொரகொரப்பு வரும், பக்கத்து அலைவரிசையிலும் கால் வைப்போம். சத்தத்தை ஏற்றினால் வாளையாறு வரை கேட்கும் என்று சிலர் நம்புகிறார்கள். எட்டும் தூரத்தை முடிவு செய்வது ஆன்டெனாவின் உயரமும் சக்தியும். நம் நாட்டில் சமுதாய வானொலிக்குப் பொதுவாக 100 வாட் என்று வரம்பு இருக்கிறது. தூரம் வேண்டுமென்றால் சட்டப்படியே ஒரு வழி உண்டு: பேச்சு அதிகமுள்ள நிலையம் ஸ்டீரியோவை விட்டு மோனோவில் ஒலிபரப்பலாம். சிக்னல் பலவீனமான இடங்களில் ஸ்டீரியோ இரைச்சலை 20 டெசிபெல் போலக் கூட்டிவிடும். உங்கள் நிகழ்ச்சியில் முக்கால்வாசி பேச்சு என்றால் ஸ்டீரியோ என்று ரேடியோவுக்குச் சொல்லும் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட்டை அணைத்து ஒரு வாரம் பாருங்கள். ஓரத்து ஊர்களிலிருந்து வரும் போன் உங்களுக்கே சொல்லும்.

பீக் விளக்குக்குக் காரணம் வெறும் லெவல் மட்டும் இல்லாமலும் இருக்கலாம். எஃப்எம்மில் இரைச்சலைக் குறைக்க, அனுப்பும் இடத்தில் உயர் அதிர்வெண்களை ஏற்றியே அனுப்புகிறோம். ரேடியோ அதை இறக்கிக்கொள்ளும். நம் ஊரில் இது 50 மைக்ரோசெகண்ட் கணக்கு. கேட்கச் சின்ன எண், ஆனால் 10 கிலோஹெர்ட்ஸில் 10 டெசிபெல்லுக்கு மேல், 15 கிலோஹெர்ட்ஸில் 13.7 டெசிபெல் ஏற்றம். "விசேஷம்", "சந்தோஷம்", "ஸ்ரீ" என்று சொல்லும்போது வரும் சீறலும் இப்படி ஏற்றப்படும் உயர் அதிர்வெண்களில்தான் இருக்கிறது. மிக்சரில் ஒழுங்காக -9-ல் நிற்கும் "ஷ" டிரான்ஸ்மிட்டருக்குள் போனதும் விஸ்வரூபம் எடுக்கும். அதனால் உச்சிகளை எல்லை தாண்டாமல் பிடிக்கும் லிமிட்டர் இந்த ஏற்றத்தைக் கணக்கில் எடுத்து வேலை செய்ய வேண்டும். எஃப்எம்முக்கென்று செய்த பிராசசரில் (டிரான்ஸ்மிட்டருக்கு முன் ஒலியைச் சீராக்கும் கருவி) அது இருக்கும், மேடைக்கு வாங்கிய சாதாரண லிமிட்டரில் இருக்காது. இன்னொன்று, இந்த 50 மைக்ரோசெகண்ட் ஏற்றம் பிராசசரிலும் டிரான்ஸ்மிட்டரிலும் இரண்டு இடத்திலும் போடப்பட்டிருந்தால் விளக்கு அணையவே அணையாது, ஒலியும் கண்ணாடி கீறின மாதிரி இருக்கும். உங்கள் புகாரைப் படித்ததும் எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான். இரண்டில் ஒன்றை அணையுங்கள்.

டிரான்ஸ்மிட்டரின் மீட்டரே உண்மை சொல்கிறதா என்று பார்க்க ஒரு அழகான பழைய வழி இருக்கிறது. ஆன்டெனாவைக் கழற்றி, அதற்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் டம்மி லோடு மாட்டி (லோடு இல்லாமல் ஒருபோதும் ஆன் செய்யாதீர்கள்), உங்கள் நிலையத்தின் பொறுப்புப் பொறியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பைலட், லிமிட்டர், 50 மைக்ரோசெகண்ட் ஏற்றம் மூன்றையும் அணையுங்கள். 13,587 ஹெர்ட்ஸ் டோனைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். கம்ப்யூட்டரில் சொருகி, அலையைத் திரையில் படமாகக் காட்டும் சின்ன எஸ்டிஆர் ரிசீவர் ஒன்றில் உங்கள் அலைவரிசையைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் குத்துக்கோடாக நிற்கும் கேரியர், அதாவது ஒலியைச் சுமக்கும் அடிப்படை அலை, மெல்லச் சுருங்கி மறையும். மறுபடி எழும். இரண்டாவது முறை அது மறையும் இடத்தில் உங்கள் டீவியேஷன், அதாவது முன்பு சொன்ன அந்த இட-வல ஆட்டம், சரியாக 75 கிலோஹெர்ட்ஸ். கணக்கு பெசல் சார்பிலிருந்து வருகிறது: இரண்டாவது பூஜ்யம் 5.52-ல் விழும், 75,000-ஐ அதால் வகுத்தால் அந்த 13,587. விலை உயர்ந்த அளவுமானி எதுவும் வேண்டாம். முதல் தடவை அந்தக் கோடு கண்ணெதிரே காணாமல் போவதைப் பார்த்தபோது எனக்கு மேல் சிலிர்த்தது, இன்றைக்கும் அந்தச் சந்தோஷம் குறையவில்லை. அந்த நேரத்தில் டிரான்ஸ்மிட்டரின் மீட்டர் 100 காட்டுகிறதா, 85 காட்டுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் மீட்டரின் உண்மையான 100.

பிறகு அணைத்ததையெல்லாம் பழையபடி போட்டுவிட்டு, மிக்சரிலிருந்து வழக்கமான 1 கிலோஹெர்ட்ஸ் டோனை 0-வில் அனுப்புங்கள். டிரான்ஸ்மிட்டரின் உள்ளீட்டுக் குமிழை, டோனுக்கு 40 சதவீத மாடுலேஷன் பக்கம் வருமாறு வைத்தால், அதற்கு 8 டெசிபெல் மேலே வரும் உச்சி 100-ஐத் தொடும். மிச்சத்தை லிமிட்டர் பார்த்துக்கொள்ளும். பிராசசர் உள்ளே நல்ல அமுக்கம் கொடுப்பதாக இருந்தால் அதன் கையேடு சொல்லும் உள்ளீட்டு லெவலுக்கு டோனை வையுங்கள், 100-ஐ அதன் வெளியீட்டுக் குமிழில் நிறுத்துங்கள். உண்மையான நிகழ்ச்சி ஓடும்போது பீக் விளக்கு உரத்த இடங்களில் மட்டும் கண் சிமிட்ட வேண்டும்.

எல்லாக் குமிழ் நிலையையும் கைப்பேசியில் படம் எடுத்து, அச்சிட்டு, டேப்பில் எழுதிய வோல்ட்டுகளோடு சேர்த்து ராக்கின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். திங்கட்கிழமை காலையில் நிலையம் திறக்கும் முன், டிரான்ஸ்மிட்டர் ஆன் ஆகாதபோது, டோன் கோப்பை ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள்: மிக்சரில் 0, பதிவில் -18. ஒரு டெசிபெல்லுக்கு மேல் நகர்ந்திருந்தால் எந்தக் குமிழையும் தொடாமல் முதலில் விண்டோஸ் வால்யூமைப் பாருங்கள் தம்பி. அதுவும் 100-ல் இருந்தால் வரிசையின் முதல் டேப்பிலிருந்து மல்டிமீட்டரோடு தொடங்குங்கள்.